தாய்மாமன் மங்கலாகிப் போன கல்யாணம்

டி.வி.க்கு முன்னால் எழுந்து போய் நின்றார் ஏகாம்பரம். ஆள்காட்டி விரலை நீட்டித் திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். அந்த இடத்தில், மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால், மூடி திறந்த இட்லிக் குண்டானிலிருந்து ஆவி கிளம்புவது போல வெள்ளையாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

"இது இன்னா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, உன்னத்தான். வீடியோ எடுத்தவன் நீதானே? இது இன்னா?"

"அது… நீங்கதாங்க" என்றேன்.

ஹால் முழுக்க ஆள். சோபாவில் பெரியவர்கள், தரையில் பிள்ளைகள், கதவோரமாக எதிர்வீட்டுக்காரர்கள். தட்டில் மிக்சர், டம்ளரில் டீ. கல்யாண வீடியோவைக் கொடுக்கப் போனால் எங்கள் ஊரில் இப்படித்தான். பென்டிரைவைக் கையில் திணித்துவிட்டு வந்துவிட முடியாது. சொருகி, ஓடவிட்டு, நாலு பேர் "நல்லாருக்குப்பா" என்று சொல்லக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கலாம்.

அன்றைக்கு அந்த "நல்லாருக்குப்பா" வருகிற வழியைக் காணோம்.

"நானா?" ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "எனக்கு மூக்கு கெடையாதா? கண்ணு கெடையாதா? உரிச்ச கோழி மாதிரி நிக்குது!"

சோபாவிலிருந்து புது மாப்பிள்ளை பிரவீன் உதவிக்கு வந்தான். சென்னையில் கம்பெனி வேலை. எதையும் விளக்கிச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற பிள்ளை. "அது பேக்ரவுண்டு மாமா. சினிமால அப்படித்தான் மங்கலா இருக்கும்."

"நான் பேக்ரவுண்டா?" என்றார் ஏகாம்பரம்.

விளக்கம் அதோடு தீர்ந்தது.

ஆறாத டீ

அந்த வீடு கஸ்தூரி அக்காவுடையது. கல்யாணப் பெண் நிவேதா அவர் மகள். ஏகாம்பரம் அக்காவுடைய ஒரே தம்பி. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிறவர்.

அக்காவுக்கும் தம்பிக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா விட்டுப்போன கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதில் ஆரம்பித்தது. பிறகு கிணறே வற்றிப்போயிற்று. சண்டை மட்டும் வற்றவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏற நேர்ந்தால் ஒருவர் முன்வாசலில் இறங்குவார், ஒருவர் பின்வாசலில். கண்டக்டருக்கே தெரியுமாம்.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன அக்கா, தட்டை வாசல்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். முகூர்த்த நாள் காலை வரை தம்பி வருவாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. வந்தார். சும்மா வரவில்லை, சீர்த்தட்டோடு வந்தார். மேடையேறி, அக்கா மகள் நெற்றியில் முதல் பட்டத்தைக் கட்டினார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண், மாப்பிள்ளை நெற்றியில் மெல்லிய தகட்டில் செய்த பட்டம் கட்டுவார்கள். அதில் தாய்மாமன் கட்டுகிற பட்டம்தான் முதல். அந்தப் பட்டம் ஏறாமல் அடுத்தவர் கை நீளாது.

அதைத்தான் நான் சினிமா மாதிரி எடுத்திருந்தேன். பட்டம் பளபளவென்று மின்னியது. பெண்ணின் புருவ முடியை எண்ணலாம். பின்னால் நின்று நூலை முடிச்சுப் போட்ட தாய்மாமன்தான் இட்லி ஆவி.

"இத்தினி வருசம் கழிச்சு வந்தேன்" என்றார் ஏகாம்பரம். குரல் இறங்கியிருந்தது. அது கத்துவதைவிட மோசம். "நாளைக்கு எவனாவது, அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு நீ போனியாடான்னு கேட்டா, நான் எதக் காட்டுவேன்? இதயா?" அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார். "என் மூஞ்சியக் கலைக்கச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

கஸ்தூரி அக்கா "டேய், நான் எதுக்குடா…" என்று ஆரம்பிப்பதற்குள் ஏகாம்பரம் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் வாய்ச்சண்டையெல்லாம் ஒரு சண்டையே இல்லை, சாயங்காலம் மறந்துபோகும். கொடுத்த டீயை வாய் வைக்காமல் போனால்தான் ஆபத்து. அந்த டம்ளரிலிருந்து அப்போதும் ஆவி வந்துகொண்டிருந்தது. சரியாக அவர் முகத்தைப் போலவே இருந்தது என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

தெளிவைக் கெடுக்கும் தொழில்

இந்த வம்பு எப்படி ஆரம்பித்தது என்றால், கல்யாணத்துக்கு முன்னால் பிரவீன் என் கடைக்கு வந்ததில்.

என் கடை தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். நானும் லைட் போடுகிற பஷீர் பாயும் சேர்ந்து நடத்துகிறோம். பிரவீன் போனை நீட்டி யாரோ வடநாட்டுக்காரர் கல்யாணத்தைக் காட்டினான். பனிமூட்டம், குதிரை, ஏரி, ஒரு மோதிரம்.

"ப்ரோ, இப்படி சினிமா லுக் வேணும். கல்யாண வீடியோ மாதிரி மட்டும் இருக்கக் கூடாது."

"அப்ப கல்யாணம் பண்ணாம உட்டுடலாமே தம்பி" என்றார் பஷீர் பாய், ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

சினிமா லுக் என்றால் என்ன என்று இருபது வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் காலத்துக் கேமரா எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டும். அதுதான் அதன் குற்றம். வீடியோவில் ஆள் நடந்தால் செய்தி சேனலில் நடப்பது போல வழுக்கிக்கொண்டு போவார். அதனால் முதலில் நொடிக்கு இத்தனை படம் என்கிற கணக்கைக் குறைக்க வேண்டும். அப்போது கை வீசினால் கொஞ்சம் இழுபட்டாற்போலத் தெரியும், அது சினிமா. அப்புறம் வாய் அகன்ற லென்ஸைப் போட்டு, ஒரு கண்ணைத் தவிர உலகத்தையே மங்கலாக்க வேண்டும். அது பெரிய சினிமா. அப்புறம் கலரை எல்லாம் உருவியெடுத்து, சாம்பல் பூசின மாதிரி பதிவு செய்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உருவின கலரையே வேறு விதமாகத் திருப்பிப் பூச வேண்டும். கடைசியில், பழைய பிலிமில் இருக்கும் பொரிப்பொரியை அதன் மேல் தூவ வேண்டும்.

ஆக, விலை கொடுத்து வாங்கிய தெளிவை, மறுபடி விலை கொடுத்துக் கெடுப்பதற்குப் பெயர் சினிமா லுக்.

"அரைக்காசுக் கல்யாணம், அதுல கொஞ்சம் வாணவேடிக்கை" என்பார்கள். இப்போது வாணவேடிக்கைதான் கல்யாணம்.

கலர் மாற்றிய பிறகு என்னென்ன கேட்டிருக்கிறேன்! மஞ்சள் பூசின பெண்ணைப் பார்த்து, "இன்னாப்பா, கேரட்டு மாதிரி கீது?" மாவிலைத் தோரணம் நீலமாகிவிட்டது, "பிளாஸ்டிக் எலையா கட்டுனாங்க?" ஒரு மாமியார், குங்குமம் கறுப்பாகத் தெரிகிறது என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொரிப்பொரியைப் பார்த்துவிட்டு ஒருவர் கேபிள்காரருக்குப் போன் போட்டார்: "டி.வி.ல மணல் கொட்டுது, ஆள அனுப்பு."

சினிமா தியேட்டர் மாதிரி மேலும் கீழும் கறுப்புப் பட்டை போடுவது இன்னொரு ஆசை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பாதபூஜை. அத்தனை பக்தியாக, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெண்ணின் அப்பா காலைக் கழுவுகிறார். கால் முழுக்கப் பட்டைக்குள் போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாம், மனிதர் எதற்கு இருட்டுக்குள் கையை விட்டுத் துழாவுகிறார் என்றுதான் கேட்டார்கள்.

வாசலினும் சாம்பிராணியும்

இப்போதாவது இதற்கெல்லாம் பட்டன் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் எங்களிடம் இருந்தது வாசலின் டப்பாதான்.

லென்ஸுக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடி ஓரத்தில் வாசலின். நடுவில் பொண்ணு தெளிவாக, சுற்றிலும் சொர்க்கம் மாதிரி வழவழ. அதைவிட நல்ல யோசனையாக, லென்ஸின் பின்பக்கம் பெண்கள் காலில் போடுகிற மெல்லிய ஸ்டாக்கிங்ஸ் துணியைக் கட்டலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டேன். பெரிய கடைக்குப் போய்க் கேட்டேன். "இன்னா சைஸ்?" என்றாள் கடைப் பெண். ஐம்பது மில்லிமீட்டர் என்றேன். அந்தக் கடைப் பக்கம் நான் இன்றுவரை போவதில்லை.

சினிமாவில் வெளிச்சம் கோடு கோடாக இறங்குமே, அதற்குப் புகை வேண்டும். திருவண்ணாமலையில் புகைக்கா பஞ்சம்? பஷீர் பாய் ஒரு தூபக்கால் நிறைய சாம்பிராணியைப் போட்டு, மண்டபத்து ஓரத்தில் ஃபேனுக்கு எதிரே வைத்தார். வெளிச்சம் வந்ததென்னமோ நிஜம்தான், கோடு கோடாக இறங்கியது. ஆனால் அந்தக் கோட்டில் மாப்பிள்ளை இருமினார், ஐயர் இருமினார், தவில்காரர் இருமியதில் தாளம் தப்பியது. சமையல்காரர் தண்ணிக் குடத்தோடு ஓடிவந்து தூபக்காலை அணைத்துவிட்டு, "எவன்டா பந்திக்கு முன்னாடி நெருப்பு வெச்சது?" என்றார். சினிமா லுக் அன்றைக்கு ஈரமாக முடிந்தது.

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் சொல்ல வேண்டும். படம் எடுப்பவளாம். போன வருஷம் கடைக்கு வந்து, என் புது கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த ஹேண்டிகேமை, அந்தக் காலத்துச் சின்ன வீடியோ கேமராவை, கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்தாள். விலைக்கு வேண்டுமாம். இதில்தான் உண்மை தெரிகிறதாம். அவர்கள் ஊரில் இப்போது இதுதான் அழகாம்.

பஷீர் பாய் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "அது போனா சாப்பாட்டு ஹாலுக்கு எதை வைக்கிறது?" அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "பிரியாணி தின்னவன் பழைய சோறு கேக்கறான். பழைய சோறு தின்னவன் பிரியாணி கேக்கறான். நடுவுல ஆக்கிப் போடறவன்தான்டா, குமரேசு, பட்டினி."

மாவை அரிசியாக்கும் வித்தை

ஏகாம்பரம் டீயைத் தொடாமல் போன மறுநாள், கடை திறக்கும்போதே கஸ்தூரி அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"குமரேசா, அவன் மூஞ்சிய வெளிய எடுத்துக் குடு."

"அக்கா, அது எடுக்கும்போதே அப்படி விழுந்தது. அரைச்ச மாவை அரிசியாக்க முடியுங்களா?"

"அரைக்கச் சொன்னது யாரு?"

"உங்க மாப்பிள்ளைங்க."

"மாப்பிள கெணத்துல குதிக்கச் சொன்னா குதிப்பியா? மேடைல நின்னது நீ. எவன் மொதல் பட்டம் கட்டறான்னு ஒனக்குத் தெரியாது?"

புது லென்ஸ் வாங்கின மயக்கத்தில் இருந்தேன் என்றா சொல்வது?

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நேத்திலேர்ந்து போன் போடறேன், எடுக்க மாட்டேங்கறான். நான் வேணும்னே அழிச்சேன்னு ஊர்ல சொல்லினு இருக்கான். பேசாத வரைக்கும் பேசலன்ற துக்கம் ஒண்ணுதான் இருந்தது. இப்ப வந்து சேந்துட்டு மறுபடி போயிட்டான். இது ஜாஸ்தியா இருக்குதுடா."

பிரவீனுக்குப் போன் போட்டோம். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு. "ஏ.ஐ. இருக்கே ப்ரோ! எவ்ளோ பிளரா இருந்தாலும் முகத்தைக் கொண்டுவந்துடும்."

சரி என்று அதையும் பார்த்தோம். இட்லி ஆவியை உள்ளே போட்டேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் ஒரு முகத்தைக் கொடுத்தது. அடேயப்பா! எடுப்பான மூக்கு, சீவின மீசை, ஷேவ் பண்ணின கன்னம், வரிசைப் பல். வேட்டி விளம்பரத்தில் வாசலில் நின்று வணக்கம் வைப்பாரே, அந்த மாதிரி ஒருவர் நிவேதாவுக்குப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி அக்கா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது எந் தம்பி இல்ல" என்றார். "இவன் நல்லா இருக்கான்."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயை முந்தானையால் மூடினார். மூடின முந்தானை அப்படியே கண்ணுக்குப் போயிற்று.

தூங்காத கேமரா

அதுவரை பல்பைத் துடைத்துக்கொண்டிருந்த பஷீர் பாய், "ஹால் கேமராவுல பாத்தியா?" என்றார்.

கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டு ஹாலில் ஒரு டி.வி. வைப்பார்கள். பந்தியில் இருப்பவர்கள் மேடையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். அதற்காக மேடைக்கு எதிரே ஒரு ஸ்டாண்டில் கேமரா நிற்கும். எங்களுக்கு அந்த வேலை செய்வது அந்தப் பழைய ஹேண்டிகேம்தான். அதற்கு ஒரு கெட்ட பழக்கம்: ரெக்கார்டு போடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அணைந்தால் ஹாலில் பாயசம் சாப்பிடுகிறவர்கள் சத்தம் போடுவார்கள். அதனால் எப்போதும் ரெக்கார்டு போட்டே நிறுத்துவோம். பதிவானதை ஒருநாளும் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அடுத்த கல்யாணத்துக்கு முன்னால் அழித்துவிடுவோம், அவ்வளவுதான்.

அடுத்த கல்யாணம் அந்த வாரக் கடைசியில்தான் இருந்தது. மெமரி கார்டு அழிக்காமல் கேமராவுக்குள்ளேயே கிடந்தது.

போட்டேன். எத்தனை கேவலமான படம்! டியூப்லைட் பச்சை. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாம் ஒரே தெளிவு. வாழைமரம் தெளிவு, சுற்றுகிற ஃபேன் தெளிவு, பின்னால் கொட்டாவி விடுகிற ஜெனரேட்டர்காரர் தெளிவு, பிஸ்கட்டைப் பட்டுப் பாவாடையில் துடைக்கிற குழந்தை தெளிவு. குறுக்கே குனிந்து, புது லென்ஸோடு ஒரு தடியன் எல்லோரையும் மறைத்துக்கொண்டு போகிறான். அது நான்.

அப்புறம் ஏகாம்பரம் மேடையேறினார்.

பட்டத்தை எடுத்துப் பெண்ணின் நெற்றியில் வைத்தார். பின்னால் போய் நூலை முடிந்தார். முடிச்சு விழவில்லை. மறுபடி முடிந்தார். அப்போது பக்கத்தில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தார். அவ்வளவுதான், மனிதர் உடைந்துவிட்டார். தோள் துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். கஸ்தூரி அக்கா கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

இதெல்லாம் நடந்தபோது நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். பட்டம் மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானா கை வெச்சேன்?" என்றார் கஸ்தூரி அக்கா. "எனக்கே ஞாபகமில்லியே." அப்புறம் எழுந்தார். "பாய், வண்டிய எடுங்க. குமரேசா, கெடுத்தவன் நீ, நீயும் வா."

கரண்டு கம்மி

கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசல் முழுக்க மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள். ஏகாம்பரம் வெளியே வந்தார். என்னைப் பார்த்து, "வா தம்பி" என்றார். பஷீர் பாயைப் பார்த்து, "வாங்க பாய்" என்றார். அடுத்து தூணைப் பார்த்தார்.

"வூட்டுக்கு வந்தவங்கள உக்காரச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார். கஸ்தூரி அக்கா யாரும் சொல்வதற்கு முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்திருந்தார்.

டி.வி.யில் சொருகினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் நாலு பேர். கல்யாண வீடியோவை உலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. அவரவர் தன்னைத்தான் தேடுவார்கள். ஏகாம்பரமும் முன்னால் சாய்ந்து தேடினார். மேடைப் படியில் வெள்ளை வேட்டி தெரிந்ததும், "தோ, தோ, நான்தான்!" என்று எழுந்துவிட்டார். "மூஞ்சி தெரியுது பாரு! மச்சம்கூடத் தெரியுது! டேய், பாத்துக்கோங்கடா, போனேனா இல்லியா?"

போனார். பட்டம் வைத்தார். முடிச்சு நழுவியது. துண்டு வாய்க்குப் போயிற்று.

ஏகாம்பரம் தன்னையே பார்த்தபடி நின்றார். வாசலில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் அவர் அழுகை நின்றபாடில்லை. ஹேண்டிகேம் எதையும் குறைத்துக் காட்டத் தெரியாத சாதி.

மெதுவாக என் பக்கம் வந்து குனிந்தார். "தம்பி, மங்கலா ஒண்ணு பண்ணியே, அந்த சினிமா இது… அத இந்த எடத்துல மட்டும் போட முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து கஸ்தூரி அக்கா குரல் வந்தது. "கை வெச்சுப் பாரு, ரெண்டு பேரையும் தொலைச்சுடுவேன். குமரேசா, திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். ஏகாம்பரத்தின் மனைவி டீ கொண்டுவந்தார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் தம்பி மறுபடி படியேறினார், மறுபடி பட்டம் வைத்தார், மறுபடி முடிச்சு நழுவியது. அந்த இடம் நெருங்க நெருங்கத் திரை இருட்டிக்கொண்டே வந்தது. மணமேடையே சாயங்காலமாகிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஏகாம்பரம் ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார். துண்டுக்கு அடியில் ரிமோட் இருந்தது.

"ஏன்டா இருட்டாவுது?" என்றார் கஸ்தூரி அக்கா.

"கரண்டு கம்மிக்கா" என்றார் ஏகாம்பரம்.

தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.